மாரிக்கனி தின்றதெல்லாம்

செவ்வல்குளத்தில் பேருந்து நின்று கிளம்புவதற்குள் குறைந்தது மூன்று பேராவது மூன்று பேரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிடுவார்கள். அதே ஊரில் ஒன்பதாம் வகுப்புப் படித்த மாரிக்கனி எதைத் தின்றாலும் அது அவள் உடம்பில் ஒட்டாமல், தின்னச் சொன்னவர் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுமே அந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த விஷயங்கள். முதலாவது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது, தையல்கடை செல்லையா அண்ணாச்சியிலிருந்து தொடங்கியது.

அதற்கு முன்பு மாரிக்கனியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பதினாலு வயது. ஒரே வருடத்தில் மூன்று அங்குலம் வளர்ந்திருந்தாள், எடை மட்டும் முப்பத்தேழு கிலோவிலேயே நின்றது. அவள் அம்மா செண்பகம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அப்பா லாரியோடு குஜராத் பக்கம் போய் மாதம் ஒருமுறை வருகிறவர். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போடுறவ மக, அகப்பைக் காம்பு மாதிரி நிக்கா பாரு" என்று குழாயடியில் சொல்லுவார்கள். மாரிக்கனி அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு எடை வேண்டியிருந்தது கபடிக்காக. ஒரே மூச்சில் அவளைப் போல நீளமாகப் பாடிப் போகிறவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. பிடிக்க வருகிறவர்களின் கைக்குள்ளிருந்து விரால் மீன் மாதிரி வழுக்கி வந்துவிடுவாள். ஆனால் போன வருடம் முப்பத்து நாலு கிலோ இருந்த செலின் என்ற பிள்ளை எதிரணியின் பிடியில் விழுந்து காறை எலும்பு உடைந்து, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேடி ஓடிய நாளிலிருந்து, விளையாட்டு ஆசிரியர் அருள்ராஜ் சார் நாற்பது கிலோவுக்குக் கீழே யாரையும் களத்தில் இறக்குவதில்லை.

"மூச்சுல நீதான் முதல்" என்றார் சார். "ஆனா தராசு சொல்லணும் பிள்ள. நாப்பது. அதுக்குக் கீழன்னா நீ தண்ணி பாட்டில் தூக்கத்தான் வரணும்."

"சரி சார்" என்றாள் மாரிக்கனி. பெரியவர்கள் ஒன்று சொன்னால் சரி என்று சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண் அவள். சரி என்று சொல்லிவிட்டால் செய்தும் விடுவாள்.

செல்லையா அண்ணாச்சி அவளுக்குச் சீருடை அளவெடுக்கும்போது இஞ்சு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டிச் சிரித்துவிட்டு, "ஏட்டி, தெனமும் ரெண்டு ஏத்தன் பழம் தின்னு, ஒரே மாசத்துல ஆளு மாறிருவ" என்றார். "சரி அண்ணாச்சி" என்று அவள் தினமும் இரண்டு ஏத்தன் வாழைப்பழம் தின்றாள். பத்தாவது நாள் அண்ணாச்சியின் சட்டையில் இரண்டு பொத்தான்கள் தெறித்து, ஒன்று தையல் இயந்திரத்தின் அடியில் போய் விழுந்தது. தேநீர்க் கடை ராசாத்தி அக்கா அவித்த கடலை தின்னச் சொன்னாள். மாரிக்கனி தின்ன, ராசாத்தி அக்காவுக்குக் கன்னத்தில் குழி மூடியது. சுகாதார நிலையத்து நர்ஸ் கிரேஸ் அவளைச் சோதித்து, பூச்சி இல்லை, ரத்தம் குறைவில்லை, வளருகிற வயசு என்று சொல்லி, மூன்று வேளைச் சாப்பாட்டோடு நடுவில் இரண்டு முறை ஏதாவது தின்னவும், ஒன்பது மணிக்குத் தூங்கவும் எழுதிக் கொடுத்தார். நல்ல யோசனைதான், ஆனால் அதனால் தளதளவென்று ஆனது நர்ஸ் கிரேஸ். அருள்ராஜ் சார் தினமும் இருபது தண்டாலும் நாற்பது தோப்புக்கரணமும் போடச் சொன்னார். மாரிக்கனி போட்டாள். மறுநாள் பேனா பிடிக்க முடியாமல் அவளுக்குக் கை நடுங்கியது, படியிறங்கும்போது தொடை கெஞ்சியது. இரண்டு வாரத்தில் சாருக்குத் தொப்பை உள்ளே போய், அரைக்கைச் சட்டையைக் கிழிக்கிற மாதிரி புஜம் புடைத்தது. சாரின் மனைவி அவரை அழைத்துக்கொண்டு போய் ஸ்டுடியோவில் படம் எடுத்தாள். வலி முழுக்க மாரிக்கனிக்கு, சதை முழுக்க சாருக்கு.

எல்லாரையும்விட அதிகமாகப் பருத்தது செண்பகம். "இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கோட்டி" என்று வேளைக்கு மூன்று முறை சொன்னால் வேறென்ன ஆகும்? மகள் சரிம்மா சரிம்மா என்று வாங்கித் தின்னத் தின்ன, தாய்க்கு வளையல் கழலாமல் போனது. குழாயடியில் பேச்சு மாறியது. "சத்துணவு முட்டையெல்லாம் எங்க போவுதுன்னு இப்பத்தான தெரியுது" என்றாள் ஒருத்தி. செண்பகம் குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அப்படியும் அரைக் கிலோ ஏறியிருந்தாள்.

யார் யார் தின்னச் சொன்னார்கள், யார் யார் பருத்தார்கள் என்று கணக்குப் பார்த்து உண்மை தெரிந்தபோது ஊர் ஆச்சரியப்படவில்லை. அப்படியா சங்கதி என்று கேட்டுக்கொண்டு, ஆகவேண்டியதைப் பார்த்தது. பக்கத்து ஊரில் ஒரு மாப்பிள்ளைக்குக் கன்னம் ஒட்டியிருக்கிறது என்று பெண் வீட்டார் குறை சொல்ல, அந்த மாப்பிள்ளை கையில் பால் பாக்கெட்டோடு முதல் பேருந்தில் வந்து இறங்கி, "தங்கச்சி, தெனம் அரை லிட்டர் பால் குடிக்கணும் என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனான், கல்யாணப் புகைப்படத்தில் அவன் கன்னம் பார்க்க நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். அவனைப் பார்த்து இன்னும் நாலு மாப்பிள்ளைகள் வந்தார்கள். டைபாய்டில் கிடந்து எழுந்தவர்கள் வந்தார்கள். ஆட்டு வியாபாரி ஒருவர் தன் ஆட்டுக்குச் சொல்லத் தெரியாது என்பதால் தானே சொல்லிப் பார்த்து, தானே பருத்து, வருத்தத்தோடு திரும்பிப் போனார். இன்னொரு பக்கம், சர்க்கரை நோய் உள்ள தபால்காரர் டேவிட், மாரிக்கனி வீட்டுப் பக்கம் வரும்போது வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயந்து துண்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டே கடிதம் கொடுத்தார். கூட்டம் அதிகமானதும் ஊர் நிர்வாகத்தார் கூடிப் பேசி, செவ்வாய்க்கிழமை கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு, வெள்ளிக்கிழமை பிள்ளை பெற்றவர்களுக்கும் நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கும், நாளுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது, பிள்ளை பாவம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பிள்ளையை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அவள் ஒருமுறைதான் மனமாரச் சரி சொன்னாள். சுடலைவடிவு என்ற பக்கத்துத் தெரு அக்கா, பிரசவமாகி ஒரு மாதம் ஆகியும் தேறாமல், பிள்ளைக்குப் பால் பற்றாமல், காய்ந்த ஓலை மாதிரி வாசலில் வந்து நின்றாள். கையில் கேழ்வரகுக் கூழ் இருந்த தூக்குவாளி. சொல்ல வாய் வரவில்லை. "குடிப்பியா தாயி? குடிச்சா நல்லதுன்னு சொல்லுதாங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சரிக்கா" என்று மாரிக்கனி பதினொரு நாள் கருப்பட்டி போட்ட கூழை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அந்தக் குழந்தை தூங்கியது. அதைப் பற்றி அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் இருந்தது. மாப்பிள்ளையின் பாலும் ஆட்டு வியாபாரியின் கடலைப் புண்ணாக்கு வாசம் அடிக்கிற உருண்டையும் தின்று வயிறு நிறைந்தபின், தனக்கென்று தின்ன அதில் இடமிருக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அவள் ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்ப்பாள். ஜூலை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை அது முப்பத்தேழு கிலோவுக்கும் நூறு கிராம் குறைவாகக் காட்டியது. வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா, "கவலப்படாதட்டி, நல்லெண்ணெயில முட்டைய உடைச்சு ஊத்தி..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாரும் வாய மூடுங்க!" என்று கத்தினாள் மாரிக்கனி.

சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது.

"தெனம் பன்னெண்டு இட்லி தின்னுதேன். எனக்கு ஒண்ணுகூடக் கிடையாது. தண்டால் எடுத்துக் கை வலிக்கது எனக்கு, படம் புடிக்கது சாருக்கு. எங்கம்மைய முட்டை திருடின்னு சொன்னீங்க. அதுக்கு ஒருத்தராச்சும் வந்து ஏதாச்சும் கேட்டீங்களா? நான் தின்னுதது எனக்கு வேணும். புரட்டாசியில கபடிக்கு ஆள் எடுக்காங்க. எனக்கு நாப்பது கிலோ வேணும், அவ்வளவுதான்!"

ஊர் தலைகுனிந்தது. செவ்வல்குளத்துக்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. ஒல்லியான பிள்ளையைப் பார்த்தால் நாலு வார்த்தை சொல்லாமல் இருக்கத் தெரியாதவர்கள், அவ்வளவே. மறுநாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, மாரிக்கனியை யாரும் எதையும் தின்னச் சொல்லக் கூடாது, குடிக்கச் சொல்லக் கூடாது, தண்டால் எடுக்கச் சொல்லக் கூடாது" என்று தெருத்தெருவாக அறிவித்தார்கள். சொன்னபடி நடந்தும் காட்டினார்கள். மாப்பிள்ளைகளைப் பேருந்து நிறுத்தத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். சார் தண்டாலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாரிக்கனி தானே அறிவியல் புத்தகத்தைப் பார்த்து, முட்டையும் பருப்பும் கடலையும் கம்பங்களியும் தயிருமாகத் தனக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, தானே தண்டால் எடுத்து, நேரத்தோடு தூங்கினாள்.

மூன்று வாரம் ஆயிற்று. தராசு அசையவில்லை.

அவள் அழுதுகொண்டே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, செல்லையா அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். கழுத்தில் டேப்போடு, முன்னால் ஒரு குவியல் ரவிக்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு விஷயம் எனக்கு இடிக்குதுட்டி. இந்த மூணு வாரத்துல நூத்திப் பன்னெண்டு ஜாக்கெட்டுக்குத் தையல் பிரிச்சு விட்டிருக்கேன். பூராம் நம்ம ஊர்ப் பொம்பளைக. எல்லாருக்கும் ஒரே அளவு, அரை விரல் அகலம். ஒருத்திக்குக் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நீயோ ஏறவே இல்லன்னு சொல்லுத. எங்கதான் போவுது அது? யாரும் உனக்கு ஒண்ணும் சொல்லலல்லா?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி."

"என்ன எழவோ. அது கிடக்கட்டும், சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி வேட்டி முடிச்சில் கை வைத்தார். அது இறுகியிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை நாற்பது வீடு. காலையில் நாற்பது பேர், மாலையில் நாற்பது பேர், நடுவில் ஆசிரியர்கள், கடைக்குப் போனால் கடைக்காரர், கோயிலுக்குப் போனால் பூசாரி, எல்லாரும் அன்போடு கேட்க, எல்லாருக்கும் அவள் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று மரியாதையோடு சொல்ல, ஆளுக்கு ஒரு கரண்டியாக அவள் தின்றது ஊர் முழுக்கப் பரிமாறப்பட்டிருந்தது.

ஆட்டோ மறுபடியும் வந்தது. மாரிக்கனியிடம் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கக் கூடாது.

இது முதல் அறிவிப்பைப் போல எளிதாக இருக்கவில்லை. அதைக் கேட்காமல் ஒரு பிள்ளையிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாயைத் திறப்பார்கள், மூடிக்கொள்வார்கள். ஒருவர் தினமும் "மழ வருமா?" என்று கேட்டார், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும். சில நாளில் அதுவும் சலித்து, அவள் வருவதைக் கண்டால் ராசாத்தி அக்கா கழுவின தம்ளரையே திரும்பக் கழுவினாள், டேவிட் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினார், வகுப்புத் தோழி எஸ்தர்கூட மதியம் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போய் உட்கார்ந்தாள். "நீ என்ன கொண்டாந்திருக்கன்னு கேட்டுருவேன்ட்டி, எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல" என்றாள். வீட்டில் செண்பகம் சோற்றைப் போட்டுவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சோறு போதுமா போதாதா என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அவளுக்கு வளையல் மறுபடி கழன்று விழுந்தது. அதற்காக அவள் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

மாரிக்கனிக்கு ஏறியது. முதல் வாரம் இருநூறு கிராம். அடுத்த வாரம் நானூறு. ஒரு வாரம் ஒன்றுமே இல்லை, அன்றைக்கு அவள் ரேஷன் கடைச் சுவரைக் காலால் உதைத்தாள். பிறகு ஐந்நூறு, எழுநூறு, எண்ணூறு. கையை மடக்கினால் மேல்கையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை எழுந்தது. அதை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. தெருவில் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழாவது வாரம், ஆள் எடுக்கும் நாள் காலையில், ரேஷன் கடைத் தராசைப் பள்ளி மைதானத்துக்குத் தூக்கி வந்தார்கள். ஊரே வந்திருந்தது, யாரும் பேசவில்லை. பேர் எழுதிக்கொள்ள வெளியூரிலிருந்து செல்வின் என்று ஒரு நடுவர் வந்திருந்தார். எஸ்தர் ஏறினாள், நாற்பத்தாறு. மாரிக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. நாற்பது கிலோ இருபது கிராம்.

அருள்ராஜ் சார் மூச்சு விட்டார். நடுவர் நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் பிரியமுள்ளவர், இந்த ஊர்ச் செய்தி தெரியாதவர். பேரை எழுதப் போனவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "பயப்படாதம்மா. காலையில சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

மைதானம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. ஆனால் அவள் நாக்கு பதினாலு வருடமாகப் பழகியது. "சாப்பிட்டேன் சார்."

முப்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்து எழுபது. நடுவர் ஏதோ வயிறு இறுகின மாதிரி பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"சார், முப்பது கிராம் சார்!" என்று எஸ்தர் கத்தினாள். "என் மூக்குத்தியக் கழத்தி அவளுக்குப் போட்டு விடுதேன் சார்!"

அருள்ராஜ் சார் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "செலினும் நல்லா ஆடுன பிள்ளதான்" என்றார் மெதுவாக. "நாப்பதுன்னா நாப்பது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மாரிக்கனி."

"இதுக்கு ஏன் சார் இவ்வளவு?" என்றார் நடுவர். "ஒரு வாழப்பழத்தத் தின்னுட்டு வந்து ஏறும்மா."

ஐயோ என்றது ஊர். மாரிக்கனிக்குச் சரி சார் என்று வாய் வரை வந்துவிட்டது. ஏத்தன் பழமும் கடலையும் பாலும் புண்ணாக்கு உருண்டையும் தண்டாலும், தான் சொன்ன அத்தனை சரியும் அந்த ஒரு சரிக்குப் பின்னால் வரிசையில் நிற்பதுபோல அவளுக்கு இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பல் பட்டு வலித்தது.

"மாட்டேன்" என்றாள்.

"என்னம்மா?"

"மாட்டேன் சார். எனக்கு வாழப்பழம் வேண்டாம். நான் கடலை கொண்டாந்திருக்கேன், அதத் தின்னப் போறேன்."

தராசிலிருந்து இறங்கி, புத்தகப் பையின் பக்கவாட்டிலிருந்து ஒரு கைப்பிடி வறுத்த கடலையை எடுத்து, நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகத் தோல் ஊதி, நிதானமாக மென்று தின்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். எல்லார் கண்ணும் நடுவரின் பெல்ட்டில் இருந்தது. அது அப்படியே இருந்தது. தராசு நாற்பது கிலோ பத்து கிராம் காட்டியது.

அவள் தராசிலேயே நின்றாள். ராசாத்தி அக்காதான் முதலில் துணிந்தாள். "ஏட்டி மாரிக்கனி" என்றாள் தயங்கித் தயங்கி. "சாப்பிட்டியா?"

"சொல்ல மாட்டேன்."

எண் அசையவில்லை.

அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. ஏழு வாரமாகத் தொண்டையில் அடைத்து வைத்திருந்த கேள்வி அது. டேவிட் துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சாப்பிட்டியா என்றார், செல்லையா அண்ணாச்சி சாப்பிட்டியாட்டி என்றார், நர்ஸ் கிரேஸ் கேட்டார், சுடலைவடிவு இடுப்புப் பிள்ளையோடு கேட்டாள், குழாயடியில் முட்டையைப் பற்றிப் பேசினவளும் கேட்டாள், சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று மைதானம் முழுக்க ஓட்டின் மேல் மழை மாதிரி இரைய, சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன் என்று அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி, சொல்லச் சொல்லச் சிரித்து, பிறகு இவ்வளவுதானா, இதற்கா ஏழு வாரம் ஊமை மாதிரி நடந்தோம், ஒரு மாட்டேன் போதுமாயிருந்ததா என்று ஆத்திரம் வந்து, நடுவர் பட்டியலில் அவள் பேரை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே ஓவென்று அழுதாள்.

செண்பகம் மைதானத்துக்கு வந்திருக்கவில்லை. அன்றைக்குச் சத்துணவில் முட்டை நாள், அடுப்பை விட்டு வர முடியாது. செய்தி அவளுக்குப் போயிருந்தது. சாயங்காலம் மாரிக்கனி வீட்டுக்கு வந்தபோது கதவருகே நின்றாள். வாய் பாதி திறந்தது. பழக்கத்தில் முந்தானையைத் தேடினாள்.

"கேளும்மா" என்றாள் மாரிக்கனி.

"என்னத்தக் கேக்க?"

"சும்மா கேளு. இனி ஒண்ணும் ஆவாது. ஊருக்கே சொல்ல மாட்டேன்னுட்டு வந்திருக்கேன்."

செண்பகம் மகளின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கையில் நெல்லிக்காய் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரொம்ப நாள் பேசாதிருந்த ஆள் மாதிரி கரகரத்த குரலில் கேட்டாள்.

"சாப்பிட்டியா?"

மாரிக்கனி அம்மாவின் கையில் தொளதொளத்துக் கிடந்த வளையலைப் பார்த்தாள்.

"சாப்பிட்டேம்மா" என்றாள்.

"ஏட்டி! ஏட்டி, எதுக்குச் சொன்ன?" என்று செண்பகம் பதறி இடுப்பைத் தடவினாள். "போச்சே! நாப்பது போச்சே!"

"ஒரு கரண்டிதானம்மா, வச்சுக்க" என்றாள் மாரிக்கனி, பையை ஆணியில் மாட்டிக்கொண்டே. "நாளைக்கு ஒரு முட்ட கூடத் தின்னுக்கிடுதேன்."